இருபத்தோராம் நாள்

பவளத்துக்குத் தேதி தெரியாமல் போனது அந்த ஒரு முறைதான்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். எட்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆறாம் நாள் தையலில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. பிறகு பகலா இரவா என்று தெரியவில்லை. குளுக்கோஸ் பாட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் விட்ட காலையில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் புள்ளலூர் சிட்டம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கி இன்னா தேதி?"

"பத்தொம்பது. ஏன், ஆபீஸுக்குப் போவணுமா?"

பவளம் கையை ஊன்றி எழப் பார்த்தாள். அடிவயிறு சுரீர் என்றது. "அப்ப நேத்து பதினெட்டா?"

"பதினெட்டுதான். எங்க ஊர்ல அப்படித்தான் வரும். படுடி, தையலு பிரிஞ்சிக்கப் போவுது."

பவளம் படுத்தாள்.

மகள் தேவசேனாவுக்குப் பத்து வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தது. முட்டி வற்றிவிட்டது. இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி, இருபத்தைந்து வயது வரைக்கும். ஒருமுறை நாலு நாள் தள்ளிப்போனதற்கு டாக்டர் பவளத்தை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்: "இன்னொரு வாட்டி முட்டி வீங்கினா இருதயம் தாங்காதும்மா. உனக்குப் பொண்ணு வேணுமா வேணாமா?" அதற்கப்புறம் ஒருநாளும் தள்ளியதில்லை. இருபத்தொன்று மாதத்தோடு ஒட்டாது. எப்போதும் செவ்வாய்க்கிழமைதான் வரும், எந்தச் செவ்வாய் என்பது மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. கணவன் ஏகாம்பரத்துக்கு 'செவ்வாய்க்கிழமை என்னமோ ஊசி' என்ற அளவில் தெரியும். தேவசேனாவுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஊசி விஷயத்தில் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

நகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டரை ஜனவரியில் மாட்டுவதற்கு முன்பே பவளம் மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாகப் புரட்டி எழுதிவிடுவாள். 'தேவி ஊசி, வலது.' இருபத்தோரு நாள் தள்ளி 'தேவி ஊசி, இடது.' இடுப்பில் ஒரே பக்கத்தில் போட்டால் குழந்தை நொண்டும். அப்படியே மாமனார் திதி, நாத்தனார் மகள் காதுகுத்து, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பது, ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள். ஏகாம்பரம் தினமும் காலையில் அந்தத் தாளைக் கிழித்து, அடியில் மீனத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரைஸ் மில்லுக்குப் போவான். மேலே பவளம் எழுதியிருப்பது அவனுக்கு ஏதோ சமையல்கட்டு விஷயம்.

ஆபரேஷனுக்கு டாக்டர் முதலில் சொன்னது பத்தாம் தேதி. கெஞ்சி ஐந்தாக்கியவள் பவளம்தான். ஐந்தில் செய்தால் பதின்மூன்றில் வீடு, பதினெட்டில் ஊசி. அதனால் பஸ் ஏறும்போது ஏகாம்பரத்திடம் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவன் "சரி" என்றான். ஊசியைச் சொல்லவில்லை. அதற்குள் தான் வந்துவிடுவோம் என்றிருந்தாள்.

"நேத்து அவரு வந்தாராக்கா?"

"வரலியே. தினமும் பத்து மணிக்கு டாண்ணு வந்து நிக்கிற மனுசன், நேத்து காணோம். ஏன்டி அழுவுற?"

பவளம் சொன்னாள். சிட்டம்மாள் பன்னைக் கீழே வைத்தாள்.

"உங்க வூட்டாண்ட போனு கீதா?"

"பக்கத்து வூட்டு அலிமா கடையில கீது. நம்பரு சொல்றேன்." நம்பர் தடங்கலில்லாமல் வந்தது.

சிட்டம்மாள் புடவையை உதறிக்கொண்டு இறங்கினாள். அவள் வாசலை எட்டுவதற்குள் ஏகாம்பரம் கையில் தூக்கோடு உள்ளே வந்தான்.

"தேவி?" என்றாள் பவளம்.

"ஊசி போட்டாச்சி. ஸ்கூலுக்குப் போயிகீது."

அவன் தூக்கை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நேத்து வந்துகினுதான் இருந்தேன். பஸ்ஸுல தாள எடுத்துப் பாத்தேன். எனக்கு அலைச்சல்னு போட்டிருந்தான். சரி, உனக்கு இன்னா போட்டுகீறான்னு மேல ரிஷபத்தத் தேடினேன். இப்பல்லாம் உன்னுதும் பாக்கறேன். அப்பதான் உன் எழுத்து கண்ணுல பட்டுது. 'தேவி ஊசி, இடது, வெறும் வயித்துல வேணாம்.' ஓரிக்கையிலயே எறங்கிட்டேன். எதிர் பஸ்ஸப் புடிச்சி, ஸ்கூல்ல சொல்லிக் கூட்டிகினு, ரெண்டு இட்லி குடுத்து, ஒத்துக்குதான்னு கையில டெஸ்ட் ஊசி போட்டு, அரை மணி உக்காரவச்சி…"

"இடதுலதான போட்டாங்க?"

ஏகாம்பரம் பின்தலையைச் சொறிந்தான். "அங்கதான் கொஞ்சம் பேஜாராப் போச்சி. எந்தப் பக்கம்னு நர்சம்மா கேட்டாங்க. வாயால சொல்லாம என் இடது கையக் காட்டிட்டேன். நான் பொண்ணுக்கு எதிர்ல நின்னுகினு கீறேன்."

"ஐயோ."

"வலதுலயே மறுபடியும். நொண்டிகினே வந்துச்சி. 'அம்மாவா இருந்தா மாத்திப் போடாது'ன்னு தெருவெல்லாம் கேக்கறாப்பல திட்டுச்சி."

சிட்டம்மாள் முதலில் சிரித்தாள். பவளத்துக்கும் வந்துவிட்டது. தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவள் தலை வேலையைத் தொடங்கிவிட்டது. செப்டம்பர் எட்டில் வலது என்று எழுதியிருக்கிறது. இனி அது இடது. அதற்கடுத்தது வலது. வருஷக் கடைசி வரைக்கும் ஆறு தாள்.

"இன்னாங்க, எட்டாம் தேதி தாள்ல…"

"மாத்திட்டேன்."

அவள் பார்த்தாள்.

"எட்டு இடது, இருபத்தொம்பது வலது. டிசம்பரு வரைக்கும் மாத்திட்டேன். நேத்து சாயந்திரம் பூரா அந்த வேலதான். எல்லாத் தாளயும் பொரட்டினேன் பவளம்." தூக்கின் மூடியைத் திறந்தான். "எங்க அக்கா பொண்ணு காதுகுத்து எனக்கே தெரியாது."

"பேனாவுலயா மாத்தினீங்க?"

"பென்சில்லதான். நீ வந்து ஒரு தடவ பாப்பேன்னு தெரியும்."

அவள் தலையணையை விட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். சிட்டம்மாள் தன் கட்டிலில் ஏறி மிச்ச பன்னை எடுத்துக்கொண்டாள்.

"கேஸு?" என்றாள் பவளம், கண்ணைத் திறக்காமல்.

"வெள்ளிக்கியம தாள்ல கீது," என்றான் ஏகாம்பரம். "நீ தூங்கு."