அறுபத்து நான்கு புள்ளிகளின் வரிசை

என் அக்கா புத்தகம் கட்டும் பட்டறையில் பாரம் அடுக்கியவள். அச்சிட்டு மடித்த தாள்கட்டுக்குப் பாரம் என்று பெயர். ஒன்று இடம் மாறினாலும் புத்தகம் பாழ். முப்பத்தெட்டாம் வயதில் ஒரு காய்ச்சல் இரு கண்களையும் பறித்தது. அதன் பிறகும் அதே மேசையில் தாள் மடித்தாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் அவள் மூளையின் பின்புறத்தில் சில்லு பொருத்தினார்கள். மூக்குக்கண்ணாடியின் கேமரா காண்பதை, இடுப்புக் கருவி அறுபத்து நான்கு ஒளிப்புள்ளிகளாக்கி அனுப்பும். சில்லின் எந்த மின்முனையைத் தூண்டினால் புள்ளி எங்கே தெரிகிறது என்று அவள் விரல் நீட்டிக் காட்ட, மூன்று வாரம் உட்கார்ந்து வரைபடம் தயாரித்தார்கள். நகல் கேட்டு வாங்கினேன். கதவின் விளிம்பும், எதிரே ஆள் நிற்பதும் அவளுக்குத் தெரிந்தன. அவளுக்கு அதுவே உலகம்.

சென்ற ஆண்டு கருவி பழுதாகி, வேறொன்று தந்தார்கள். அன்று முதல் எல்லாம் சிதறல். மூளை களைத்துவிட்டது, சில்லை அகற்றலாம் என்றது அறிக்கை. கூடவே சம்மதப் படிவம். நிலையத்துக்கு நான் எழுதிய ஆறு கடிதங்களுக்குப் பதிலில்லை.

“டேய், புள்ளி ஒண்ணுகூடக் குறையல, எண்ணிட்டேன். எவனோ பாரத்தை மாத்தி அடுக்கியிருக்கான்.”

“உன் தலை என்ன புத்தகமாக்கா?”

“உன் தலைன்னா வெத்துத் தாள், எப்படி அடுக்கினாலும் ஒண்ணுதான். அந்த நகலை எடுத்துட்டு வா.”

நேரில் போய், நிலையத்தில் பன்னிரண்டு முனைகளை ஒவ்வொன்றாகத் தூண்டச் சொன்னேன். அக்கா காட்டிய இடமும் என் நகலும் பன்னிரண்டு முறையும் ஒத்தன. மூளையில் குறையில்லை. பொறியாளர் கருவிக்குள் இருந்த வரைபடத்தைத் திறந்தார். அதில் வேறொரு நோயாளியின் எண்.

“மன்னிச்சுடுங்கம்மா, எங்க தப்புதான்.”

“எட்டு மாசமா அடுத்தவர் கண்ணால பாத்திருக்கேன். சரி, என் கண்ணை யார்கிட்ட குடுத்தீங்க?”

பொறியாளர் கோப்பைப் புரட்டினார்.

“உங்க வரைபடம் போன ஆளுக்கும் எல்லாம் சிதறித்தான் தெரிஞ்சிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டார். சில்லை எடுத்து ரெண்டு மாசமாச்சு.”

அவளுடைய வரைபடத்தை ஏற்றியதும் அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். விளிம்பு நேராக நிற்கிறது என்று மட்டும் சொன்னாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“அவர் வீட்டு விலாசத்தைக் கேளுடா. களைச்சது அவர் மூளை இல்லைன்னு யாராவது போய்ச் சொல்லணுமில்ல?”

விலாசம் தர விதியில்லை என்றார்கள். அவரிடம் உண்மையைச் சொல்லும்படி, நிலையத்துக்கு ஏழாம் கடிதத்தை அன்று மாலையே எழுதினேன்.