அக்கா ஏரியில் விட்ட மீன்கள்

அக்கா முதன்முதலாகக் கையில் எடுத்த மீன்குஞ்சு அவளுடைய கைக்குள்ளேயே செத்துப்போனது. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். எங்கள் ஊர்ச் சீலா மீனைப் போல நீண்ட உடம்பு, தாரா வாத்தின் அலகைப் போலத் தட்டையான மூக்கு. புரோஷே என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் நன்னீர் மீன் அது. தொட்டியிலிருந்து அதை அள்ளியதும், பழக்க தோஷத்தில் அவளுடைய பெருவிரல் செவுளுக்குள் போய்விட்டது. நவம்பர் மாதத்துப் பனிமூட்டத்தில், ஏரிக்கரையில் ரப்பர்ச் சப்பாத்தோடு நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அக்கா கையை விரித்து, அதில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

லா ஷப்பலில் எங்கள் ஆட்களுடைய மீன்கடை ஒன்றில் அக்காவுக்கு வேலை. பிரான்சுக்கு வந்த காலத்திலிருந்தே அதுதான். செதில் சுரண்டுவது, குடல் எடுப்பது, கேட்கிற மாதிரித் துண்டு போடுவது. வீட்டுக்கு வந்ததும் தேசிக்காய் தேய்த்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் மகனைத் தொடுவாள். அப்படியும் மணம் முழுதாகப் போகாது. பள்ளிக்கூட வாசலில் அவன் அவளுடைய கையைப் பிடிக்காமல் இரண்டடி முன்னால் நடந்த காலம் ஒன்று இருந்தது. அக்கா அதைக் கவனித்தாளா என்று நான் கேட்டதில்லை. கவனித்திருப்பாள்.

அந்த மகன்தான் பிறகு வளர்ந்து, அலுவலக வேலைக்குப் போய், கூட வேலை செய்த ஒருவரோடு இந்த ஏரிக்கு வரத் தொடங்கினான். அவர்கள் குடியிருந்த சார்செலிலிருந்து கொஞ்சத் தூரம். தூண்டில் போடுகிறவர்களின் சிறு சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஏரியில் புரோஷே அருகிப்போனதால், வளர்ப்புக் குளத்தில் குஞ்சுகளை வாங்கி வந்து நவம்பரில் விடுவார்கள். விடுவதற்கு முன் முதுகுச் செட்டைக்குக் கீழே ஊசியால் மெல்லிய நூல் போன்ற ஓர் அடையாளம் குத்துவார்கள். வருடத்துக்கு ஒரு நிறம். பின்னாளில் யாருடைய தூண்டிலிலாவது அது அகப்பட்டால் சங்கத்துக்குச் சொல்லிவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் விடவேண்டும். குஞ்சு தப்பியதா, எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

அக்காவுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. "விக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. பிறகு என்னத்துக்கடா உந்தக் குளிருக்கை போறாய்?" என்பாள். அவன் வழக்கமாகப் பிரெஞ்சில்தான் பதில் சொல்வான். ஒருநாள் மட்டும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே தமிழில், "வளரட்டும் எண்டு விடுறம் அம்மா" என்றான். அக்கா சிரித்துச் சிரித்து அதை மீன்கடையிலும் போய்ச் சொன்னாள்.

அவன் கடைசியாக அங்கே போனது ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடத்து நிறம் பச்சை. தை பிறந்து சில நாட்களில், காலை வேலைக்குப் போகும்போது ரயில் மேடையில் சாய்ந்துவிட்டான். இதயம் என்றார்கள். இருபத்தாறு வயது. அவனுடைய இறுதிப் பூசைக்கு அந்தச் சங்கத்துக்காரர்களும் தேவாலயத்துக்கு வந்திருந்தார்கள். கோவிலின் கடைசி வாங்கில் அமர்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காத தமிழ்ப் பூசையை முடியும் வரைக்கும் இருந்து கேட்டார்கள்.

அக்கா மீன்கடைக்குத் திரும்பிப் போனாள். அழவில்லை. கத்தியைத் தீட்டுவாள், வெட்டுவாள், கழுவுவாள். யாரோடும் தேவைக்கு மேல் பேசமாட்டாள். அத்தான் வீட்டில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆண்டு நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முன்னர், சங்கத்துத் தலைவர் லூயி-பிளாங் தெருவில் இருக்கும் என் கைபேசிக் கடையைத் தேடி வந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். "அவனுடைய இடத்தில் வீட்டார் யாரும் வந்து நிற்க விரும்பினால்..." என்றார். அக்கா வரமாட்டாள் என்றே நினைத்தேன். சொன்னதும், "எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அன்று அந்த மீன் அவளுடைய கையில் செத்தது. தலைவர், பரவாயில்லை மதாம், எங்களுக்கும் நடக்கிறதுதான் என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, என்ரை கைக்கு இது ஏலாது. வெட்டிப் பழகின கை. அவன் வளரட்டும் எண்டு விட்டான், நான் கொல்லுறன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். பத்து மாதமாக வராத அழுகை அந்தச் சேற்றுக் கரையில், தெரியாத மனிதர்களுக்கு நடுவில் வந்தது. அங்கே ஒரு கிழவி, பழைய தாதி, தன் கையை ஏரியில் நனைத்தாள். அக்காவின் கையையும் பிடித்து நனைத்தாள். உலர்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் அதற்குத் தோல் என்று சைகையால் காட்டினாள். பிறகு தன்னுடைய கைகளை அக்காவின் கைகளுக்குக் கீழே வைத்து, இருவருமாக இன்னொரு குஞ்சைத் தூக்கினார்கள். நிறக் குறி குத்திய பிறகு அதைத் தண்ணீருக்குள் தாழ்த்தினார்கள். சற்றுநேரம் அசையாமல் கிடந்துவிட்டு அது போய்விட்டது. அக்கா குனிந்தபடியே நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தாள்.

அதன் பிறகு மத்தியான இடைவேளைகளில் அவள் என் கடைக்கு வரத் தொடங்கினாள். குறியுள்ள மீன் அகப்பட்டால் எங்களுக்குச் சொல்ல, சங்கத்தாரிடம் என்னுடைய தொலைபேசி இலக்கம்தான் இருந்தது. வாசலில் நின்றபடியே, "ஏதும் போன் வந்ததோ?" என்பாள். சில தடவை வந்தது. ஒருமுறை மஞ்சள் குறி, ஒருமுறை நீலம். அவன் விட்ட பச்சை வரவில்லை. "ஓம், சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

ஒவ்வொரு வருடமும் போல, போன நவம்பரிலும் ஏரிக்குப் போனோம். வேலைக்கு நடுவே அக்கா என்னைத் தலைவரிடம் கேட்கச் சொன்னாள், பச்சை இனி வருமோ என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். குறி சில மீன்களில் கழன்று விழுந்துவிடும். குஞ்சுகளைப் பெரிய புரோஷேக்களே பிடித்துத் தின்றுவிடும். இத்தனை வருடமாக ஒன்றுகூட அகப்படாததால், அந்த வருடத்து மீன்களை இனி எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. நான் அக்காவிடம் திரும்பி, "ஆழத்திலை நிக்குமாம் அக்கா, அதுதான் தூண்டிலுக்கு வரேல்லையாம்" என்றேன்.

"பொய் சொல்லாதை தம்பி. அவர் சொன்னது எனக்கு விளங்கினது."

எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாக, ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது. அவள் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லப்போகிறாள், இனி இங்கே வரமாட்டாள் என்று நினைத்தேன். அக்கா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நேரே தலைவரிடம் போனாள். இத்தனை வருடங்களில் அவள் ஒரு வெள்ளைக்காரரிடம் தானாகப் போய்ப் பேசி நான் கண்டதில்லை. உடைந்த பிரெஞ்சில், சொல் சொல்லாகத் தேடிச் சொன்னாள்: "மிசியூ, வாற வருசமும் நான் வருவன். இந்தச் சப்பாத்து எனக்குப் பெரிசு. எனக்கு அளவான சப்பாத்து ஒண்டு எடுத்து வையுங்கோ."

அவர் தலையசைத்து, கால் அளவு என்ன என்று கேட்டார்.

"முப்பத்தாறு" என்றாள் அக்கா. பிறகு இரண்டு கைகளையும் ஏரியில் நனைத்துக்கொண்டு, அடுத்த தொட்டியின் பக்கம் போனாள்.