அக்கா நடித்துக் காட்டிய வீடியோ

1. அக்கா சிரித்தாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக் கட்டிலில் லேப்டாப்பை வைத்து, நான் வரைந்த நாற்பது விநாடிக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். எங்கள் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டுகிறாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏலே தம்பி, இது அம்மா இல்லலே. நாந்தான்."

முப்பது வருடம் அனிமேஷனில் வேலை பார்த்தவன் நான். சென்னை ஸ்டுடியோக்களில் கிளீன்-அப், அதாவது மற்றவர்கள் கரடுமுரடாகப் போட்ட ரஃப் படத்தைச் சுத்தமான ஒற்றைக் கோடாகத் திருத்தி எடுக்கிற வேலை. சொந்தமாக எடுத்த முதல் படம் அம்மாவைப் பற்றியது. எனக்கு மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டாள். அக்கா எஸ்தருக்கு அப்போது பன்னிரண்டு. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அம்மா வேலை பார்த்தாள் என்ற தகவலும், ஒரு கல்யாணப் போட்டோவும்தான் என்னிடம் இருந்தன. போட்டோவில் முகம் கிடைக்கும், நடமாட்டம் கிடைக்காது. அவள் அசைவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்தப் படத்தையே தொடங்கினேன்.

அதனால் அக்காவை அம்மா மாதிரி நடிக்கச் சொல்லி செல்போனில் எடுத்தேன். ரெஃபரன்ஸ் வீடியோ என்போம். அதைப் பார்த்துத்தான் வரைவோம். அப்பா மில்லுக்குப் போய்விடுவார், என்னை வளர்த்தது அக்காதான். கொஞ்சம் பெரியவளானதும் அம்மா பார்த்த அதே கம்பெனிக்கு அவளும் போனாள். முழங்கால் தேயும் வரை டவுன் பஸ் ஏறிப் போய் அதே வேலையைத்தான் பார்த்தாள். அவள் போட்ட சோற்றில்தான் நான் படம் வரையப் படித்தேன். வீடியோவில் இடது கையால் சுருளைத் திருப்பினாள். நடுநடுவே கீழுதட்டைப் பிதுக்கி, மூக்கில் ஒட்டுகிற பஞ்சுத் தூசியை ஊதினாள். அந்த அறையில் பஞ்சு ஏது? நானும் யோசிக்காமல் அப்படியே வரைந்துவிட்டேன்.

"எனக்குத்தானலே இடது கைப் பழக்கம். அம்மாவுக்குச் சோத்தாங்கை."

"படத்தை ஃபிளிப் பண்ணிருதேன்க்கா. வலது கையாயிரும்."

"கையை மாத்துனா ஆச்சா? உக்காந்திருக்கதே நாந்தான. இந்த ஊதுறதுக்கு எங்கூட வேலை பாத்தவளுக எம்புட்டு கேலி பண்ணுவாளுக தெரியுமா?"

மறுபடி போடச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடம் தப்பைத் தேடியே பழகிய கண்ணுக்கு அதுவும் தப்பாகத்தான் பட்டது.

2. பொட்டுச் சண்டை

அந்தச் சமயம் தயாரிப்பாளர் சென்னையிலிருந்து போன் போட்டார்.

"சார், அம்மாவுக்கு ஒரு பொட்டு வைங்க. வாசல்ல கோலம் போடுங்க. தமிழ் அம்மான்னு பார்த்ததும் தெரியணும்ல."

"நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம் சார். எங்க வீட்ல பொட்டு வைக்கிறதில்லை."

"ஆடியன்ஸ் விதவைன்னு நினைச்சுக்குவாங்க சார்."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க."

ஒரு வாரம் மல்லுக்கட்டி ஜெயித்தேன். அம்மாவின் நெற்றியைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

பிறகு காட்சியைத் திருத்த உட்கார்ந்தேன். அக்காவைக் கேட்டால், "முதுகு நேரா இருக்கும்லே. பொறவு... தெரியலையே" என்றாள். மிச்சத்தை என் தொழிலை வைத்து நிரப்பினேன். வலது கை, நேரான முதுகு, நிதானமான அசைவு. ஊதுவதை எடுத்துவிட்டேன். கோட்டில் ஒரு பிசிறு கிடையாது. பழைய ரஃப்பின் மேலேயே சேவ் செய்தேன். ஹார்டு டிஸ்க் நிறைந்திருந்ததால் ரெஃபரன்ஸ் வீடியோவையும் அழித்தேன். போனில் இருந்ததை அதற்கு முன்பே அழித்தாகிவிட்டது. வேலை முடிந்தால் அழிப்பது எங்கள் வழக்கம். அழிக்காதவர்களை ஸ்டுடியோவில் நானே திட்டியிருக்கிறேன்.

புதிய காட்சியைக் காட்டியபோது அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ம். அம்மாதான்" என்றாள். "காபி குடிக்கியா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது.

3. சுகந்தி கேட்டாள்

நான்கு மாதத்தில் அக்கா மாரடைப்பில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் மகள் சுகந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, அம்மா வார படத்தைப் போடுங்க."

போட்டேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது இல்ல மாமா. அம்மா பஞ்சை ஊதுவாள்ல, அது. எந்தம்பி என்னைய படமா வரைஞ்சிருக்கான்னு தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சா. சர்ச்சுலகூடச் சொன்னா."

"அது தப்புன்னு மாத்திட்டேன்மா. அக்காவும் பாத்துட்டு, எங்கம்மாதான்னு சொல்லுச்சே."

"தம்பி கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கான், ஆனா யாரு மாதிரியும் இல்லை, அதை எப்படி அவங்கிட்ட சொல்லன்னு எங்கிட்ட சொன்னா. பழசை வச்சிருப்பீங்கல்ல மாமா? எனக்கு அதான் வேணும்."

கேமராவைப் பார்த்து நிற்கிற அக்கா எங்கள் எல்லோர் போனிலும் இருக்கிறாள். உட்கார்ந்து வேலை செய்கிற அக்கா அந்த ஒரு வீடியோவில்தான் இருந்தாள்.

"அழிச்சிட்டேன் சுகந்தி."

அவள் திட்டியிருந்தால் தேவலை. "சரி மாமா" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். டிஸ்க்கை மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் மீளவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ரஃப்பை அழிக்காதீர்கள், வீடியோவை அழிக்காதீர்கள். யாரை நடிக்கச் சொன்னீர்களோ அவரையும் ஒரு நிமிடம் பாருங்கள். என்னை வளர்த்தவளைத்தான் நான் நாற்பது விநாடி வரைந்து வைத்திருந்தேன். தப்பு என்று நினைத்துத் திருத்திவிட்டேன்.