மாத்திரைக்கு மாத்திரை

விசில் டீச்சர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கிய காலம் போய்ப் பல வருடம் ஆகியும், தெருவில் யாராவது கூன் போட்டு நடந்தால் மாடியிலிருந்து "நிமிர்ந்து நட!" என்று குரல் வரும். வீட்டில் அவரோடு சரிக்குச் சரி நின்று பேசுகிற ஒரே ஆள் மருமகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மகன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். வீட்டுச் சண்டை எதுவானாலும் "விடுங்களேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எழுபதைத் தாண்டிய பிறகுதான் டீச்சருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. தெருமுனை டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அழுத்தம் இறங்கியது. ஆனால் கொஞ்ச நாளில் கணுக்கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. சாயங்காலம் ஆனால் செருப்பு வார் சதையில் பதிந்து தடம் போட்டது.

தெருமுனை டாக்டர் அப்போது வெளியூர் போயிருந்தார். மருமகள் கடையில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டி நல்லா சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா?"

"டாக்டர், என் வாய் என் மூஞ்சியிலதான் இருக்கு. என்னைக் கேளுங்க" என்றார் டீச்சர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "வயசாச்சுல்ல பாட்டி, காலில நீர் கோத்துக்கும்" என்று, நீர் இறங்க ஒரு மாத்திரை எழுதினார்.

நீர் இறங்கியது என்னவோ உண்மைதான். கழிப்பறைக்கு ஓடி ஓடி டீச்சர் ஓய்ந்துபோனார். டீ ஆறுவதற்குள் ஒரு தடவை, துணி மடிப்பதற்குள் ஒரு தடவை. தினமும் மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்துத் திட்டிவிட்டு வருவார், அதையும் நிறுத்திக்கொண்டார். "நடுவழியில வந்துட்டா என் மானம் என்னாகிறது?" கால் வீக்கம் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

மறுபடியும் விடுப்பு. கடை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்த முறை சிறுநீர்ப் பிரிவு டாக்டர். வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போன பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். "வயசானா மூத்திரப் பை தளர்ந்துடும்மா" என்று அவர் பங்குக்கு அவரும் ஒரு மாத்திரை கொடுத்தார்.

ஓட்டம் குறைந்தது. ஆனால் டீச்சரின் வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மலச்சிக்கல் பிடித்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். மகனை, இறந்துபோன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு நாள் காலையில் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டார். "ஒன்பதாம் வகுப்பை வரிசையா நிக்கச் சொல்லு" என்று வாசலில் நின்ற காவலாளியிடம் அதட்டினாராம். அவரைத் தெரிந்த காவலாளி ஆட்டோ வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். டீச்சர் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இந்த முறை மகன் 'விடுங்களேன்' சொல்லவில்லை. தானே வேனை நிறுத்திவிட்டு ஞாபக மறதி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பிரஷருக்கு ஒண்ணு" என்றார் மகன். மற்றவை அவர் நினைவிலேயே இல்லை.

கிழமை கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். டீச்சர் நாக்கைப் புரட்ட முடியாமல் தண்ணீர் கேட்டார். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று இன்னொரு மாத்திரை எழுதப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் வெடித்தாள்.

"மறதி நோயா? போன வருஷம் நான் தீய்ச்ச பாத்திரத்தை எல்லாம் கணக்கு சொன்னவங்களுக்கா? இப்படித் திடீர்னு எப்படிங்க வரும்?"

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒவ்வொரு மாத்திரையா வந்து இந்த வீட்டுல என் உயிரை வாங்குது. இந்தப் புதுசை நான் பிரிக்கப் போறதில்ல!"

அலமாரியில் இருந்த அட்டை, டப்பா எல்லாவற்றையும் துணிப்பையில் அள்ளிப் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் முதியவர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று இருப்பதாகக் கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். மறுநாள் அத்தையைக் கையோடு இழுத்துக்கொண்டு அங்கே போனாள்.

அங்கே இருந்த பெண் டாக்டர் நாற்காலியை நகர்த்தி டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தார். பையைக் கவிழ்த்துப் பரப்பினார்.

"டீச்சர், இதுல எது முதல்ல வந்துச்சு?"

டீச்சர் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். மருமகள் தட்டுத் தடுமாறி வரிசையாகச் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்த பிரஷர் மாத்திரை சில பேருக்குக் காலை வீங்க வைக்கும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதனால பாத்ரூம் ஓட்டம். அதுக்கு இது. இது வயசானவங்களுக்கு வாயை வறட்டும், புத்தியையும் குழப்பும். இப்ப குழப்பத்துக்கு இன்னொண்ணு."

"அப்ப எங்க அத்தைக்கு மறதி நோய் இல்லியா?"

"இப்பவே உறுதியா சொல்ல முடியாது. முதல்ல இதையெல்லாம் இறக்குவோம், பிறகு மறுபடி பார்ப்போம். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நான் சொல்ற மாதிரி செய்யுங்க."

இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை வந்தது. மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் வாயில் எச்சில் ஊறியது. பிறகு கால் வற்றியது. ஒரு காலையில் டீச்சர் செய்தித்தாளைப் படித்துவிட்டு, அதில் போட்டிருந்த ஓட்டப்பந்தயப் படத்தில் முதலில் வந்தவளின் கைவீச்சு தப்பு என்று அரை மணி நேரம் பேசினார். மருமகள் அடுப்படியில் நின்று, தாங்க முடியாமல் அழுதாள். மறுபடி சோதித்த டாக்டர், இப்போதைக்குக் கவலை வேண்டாம் என்றார்.

டீச்சருக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "என்னைப் பைத்தியக்காரி ஆக்கிப் பள்ளிக்கூட வாசல்ல நிறுத்திட்டானுங்களே!" என்று தெருமுனை டாக்டரிடமே போய் நின்றார்.

"கால் வீங்கினப்பவே என்கிட்ட வந்திருக்கலாமே" என்றார் அவர்.

"வந்தேன், நீங்க ஊர்ல இல்ல. நீங்க கொடுத்த மருந்து காலை வீங்க வைக்கும்னு கொடுக்கும்போதே சொல்லியிருந்தா நான் ஏன் ஊரெல்லாம் அலையறேன்?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "சொல்லியிருக்கணும்மா" என்றார் கடைசியில். டீச்சர் சண்டைக்குத் தயாராக வந்தவர். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. புது மாத்திரையில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மகன் அக்கறையாக இருமல் மருந்து வாங்கி வந்தார். மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் கத்தியதில் பாட்டில் அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"அதைக் கீழ வைடா!"

"இருமலுக்குத்தானேம்மா..."

"எதனால இருமல்னு முதல்ல கேளுங்க!" என்று மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அது அந்த மாத்திரையின் வேலைதான் என்று வரச் சொல்லி, வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இருமல் அடங்கச் சில வாரம் பிடித்தது. அதற்குள் படியேறி வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கீழ் வீட்டுக்காரர் தன் மச்சானுக்கு இருமலை நிறுத்திய மாத்திரை அட்டையையே எடுத்து வந்து நீட்டியபோது, டீச்சர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.