தரை எட்டிய வெர்னா

கிடியா பண்ணையில் மாடு ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது வெர்னா பிகாட்டுக்கு வயது நாற்பத்தாறு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பண்ணையில் குதிரைகளை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள்கள் வாங்கியிருந்தார்கள். காட்டுப்பாதை வண்டிகள், எல்லாமே ஒட்டகம்போல் உயரம். அவள் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பூட்ஸும் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கும்.

ஓட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. நிற்பதுதான் சிக்கல். அதனால் கரையான் புற்றோ வேலிக் கம்பமோ இருக்கும் இடத்தில்தான் நிற்பாள். வெட்டவெளியில் யாராவது பேசக் கூப்பிட்டால் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தபடியே பதில் சொல்வாள். மேனேஜர் அன்றைய வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கிறுகிறுத்துவிடும். நான் அங்கே வேலி கட்டுகிறவன். "அந்த வளைவுல எனக்கொண்ணு நடுப்பா" என்று கேட்பாள். நட்டுக் கொடுத்திருக்கிறேன், வேலியே இல்லாத இடத்தில் ஒற்றைக் கம்பமாக.

ஒரு நாள் காலை, ஆளுயரப் புல்லுக்குள் புற்று என்று நினைத்து எதன்மேலோ காலை ஊன்றினாள். அது படுத்திருந்த திமில் காளை. எழுந்துகொண்டது. ஒரு கால் காளை மேலும் ஒரு கால் வண்டி மேலுமாக வெர்னா கொஞ்ச தூரம் போனதாக, மாடு தேடி மேலே பறந்துகொண்டிருந்த பண்ணை ஹெலிகாப்டர்காரன் இன்றுவரை சத்தியம் செய்கிறான். கடைசியில் வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோள்பட்டை பிசகிவிட்டது.

மெக்கானிக் லிண்ட்சே வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்தான்.

"உன் காலை நீட்ட முடியாது. வண்டியத்தான் இறக்கணும்."

"முன்னாடியே இறக்கியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலயே."

"மூணு வருஷமா உன் பட்டறைக் கதவப் புடிச்சுக்கிட்டுத்தான்யா நிக்கிறேன்."

"சாஞ்சு நிக்கிறது உனக்கு ஒரு ஸ்டைலுன்னு நெனச்சேன்."

சீட்டைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சை ரொட்டிக் கத்தியால் சீவினான். பின்சக்கரத்துக்கு நீளமான இணைப்புத் தகடு போட்டுப் பின்பக்கத்தை இறக்கினான். வெர்னா ஏறி உட்கார்ந்தாள். பூட்ஸை மண்ணில் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் முன்பக்கத்தை அவன் அப்படியே விட்டிருந்தான். வண்டி வானத்தைப் பார்த்தது. திருப்பினால் முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்கவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களைத் தளர்த்தி, பிடிக்குள் மேலே ஏற்றி இறுக்கி, முன்பக்கத்தையும் இறக்கினான். பிறகு சைடு ஸ்டாண்டு. வண்டி குள்ளமானதும் அது நெட்டையாகிவிட்டது. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நின்று மறுபக்கம் சரிந்தது. முதல் தடவை லிண்ட்சேயின் மதியச் சாப்பாட்டின் மேல். அடுத்த தடவை லிண்ட்சே மேல். ஆத்திரத்தில் ஸ்டாண்டை அறுத்தான், கொஞ்சம் அதிகமாகவே அறுத்துவிட்டான். இப்போது இந்தப் பக்கம் விழுந்தது. ஒரு பழைய லாடத்தை அடியில் பற்றவைத்த பிறகுதான் அடங்கியது.

அந்த ஆகஸ்டில் ஊர் விளையாட்டு விழா வந்தது. அதில் மோட்டார் சைக்கிள்களுக்கு மெதுவோட்டப் பந்தயம் உண்டு. கடைசியாக வருகிறவருக்குத்தான் கோப்பை. கால் ஊன்றினால் வெளியே. அதுவரை ஒவ்வொரு வருடமும் வெர்னாதான் ஜெயித்தாள். தரை எட்டாதவளுக்கு, நின்றும் நிற்காமலும் வண்டியை நகர்த்துவது தண்ணீர் பட்ட பாடு.

விசில் ஊதினார்கள். விசிலை வாயிலிருந்து எடுப்பதற்குள் வெர்னாவின் இடது கால் தரையில் இருந்தது.

மைக் பிடித்திருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெர்னா, எதுக்கும்மா கால வச்ச?"

"எட்டுச்சு. வச்சேன்."

லிண்ட்சே முகம் தொங்கிப்போய் ஓடிவந்தான். "மன்னிச்சுக்கோ. நாளைக்கே பழையபடி ஏத்திடுறேன்."

"வண்டியத் தொட்ட, கைய ஒடிப்பேன். அவசரத்துக்கு ஒதுங்கணும்னாகூட கம்பம் தேடி மைல் கணக்குல ஓட்டுனவடா நான். கோப்பையாம் கோப்பை."

மற்றவர்கள் ஊர்ந்து முடிக்கும்வரை, கோட்டுக்கு வெளியே இரண்டு காலையும் அகல ஊன்றி வண்டியிலேயே உட்கார்ந்து, ரொட்டிக்குள் வைத்த சாசேஜைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள். அடுத்த வருடமும் பெயர் கொடுத்தாள். அப்போதும் முதல் ஆளாகத் தோற்றாள்.