குவால்னெஸ் தட்டிய கதவு

ஹாசல்வோக் நகரத்தில் அன்றைக்கு எழுத்தாளர் நாள். செத்து நூறு வருசம் தாண்டிய குவால்னெஸுக்கு ஊரே கொடி கட்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் காப்பி கொடுக்க மூக்கால் அழுத ஊர்தான். இப்போது பன்னுக்குக்கூட அவர் பேர். சரி, அதை விடுங்கள்.

குட்வேய்க் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் புருஷன் எய்லெர்ட்டுக்கு மீன் ஆலையில் வேலை. ஆனால் வருசத்தில் இந்த ஒரு நாள் அவன்தான் குவால்னெஸ். ஒட்டுத்தாடியும் நீளக் கோட்டுமாகத் துறைமுகத் தெருவில் வீடுவீடாய்க் கதவைத் தட்டுவான். எழுத்தாளர் அப்படித்தான் கதை சேர்த்தாராம். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "ஏம்மா, வீட்டுக்காரர் இருக்காரா? ஒரு கதை கடனா வேணும்."

சொந்த வாசலிலும் முன்பின் தெரியாதவன் மாதிரி அதையே கேட்பான். குட்வேய்க் இடுப்பில் கைவைத்து, "எங்க இருப்பாரு? உங்க தாடிய ஒட்டிக்கிட்டு ஊர் மேயப் போயிருக்காரு" என்பாள். அதைக் கேட்கவே கூட்டம் அங்கே முண்டியடிக்கும்.

பிப்ரவரியில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எய்லெர்ட் அப்படியே சாய்ந்தான். அவனைத் தூக்கிப்போன பிறகு அவள் மிச்சக் கிழங்கை உரித்தாள். அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. காதில் விழுந்தது, உறைக்கவில்லை. விழாவுக்குக் கோட்டையும் தாடியையும் கேட்டு வந்தார்கள், மடித்துக் கொடுத்தாள். இந்த வருசம் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம் என்றது விழாக்குழு. வேண்டாம், வழக்கப்படியே வாருங்கள் என்றுவிட்டாள். பழைய பதில்தானே, அந்த ஒன்றாவது அவன் இருந்தபோது இருந்தபடியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

புது குவால்னெஸ், பள்ளிக்கூட வாத்தியார் சிக்பியோர்ன். அவள் அப்படிச் சொல்லியும், அந்த வாசலில் மட்டும் கேள்வி கேட்காதே, காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடு என்று குழுவினர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்த வாய், நிற்குமா?

கதவு திறந்தது. "ஏம்மா, வீட்டுக்காரர் இருக்காரா?"

தாடிக்குள் அவன் முகம் வெளிறிப்போனது. "அக்கா, மன்னிச்சிருங்க, வாய் தவறி..."

பரவாயில்லை என்று தலையாட்டினாள். இடுப்பில் கை வைத்தாள். "எங்க இருப்பாரு" என்று ஆரம்பித்தாள். மேற்கொண்டு வரவில்லை. தாடி எதிரில் இருந்தது, கோட்டும் இருந்தது.

"இல்லப்பா," என்றாள். "அவரு இல்ல."

பிப்ரவரியிலிருந்து ஒருத்தரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க அழுதாள்.