ரேடியோவுக்கும் எனக்கும் ஒரே மார்க்

அறுபதுகளில் என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க மாட்டுங்காவுக்கு ஸ்கூட்டரில் வந்தார், பின்னால் அவர் அம்மா. உட்கார்ந்ததிலிருந்து வண்டிப் பேச்சுதான். "இருபது வருஷம் உழைக்கும் மாமா!"

அப்பா பெருமையாக எங்கள் ரேடியோவைப் போட்டார்.

"பழசுதான். சலேகா" என்றார் இவர்.

பம்பாயில் டீயோ குடையோ, சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம் என்றால் 'சலேகா'தான்.

நான் காபியை நீட்டினேன். "பொண்ணு எப்படிடா?" என்றாள் அவர் அம்மா, என் எதிரிலேயே.

ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "சலேகா."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஸ்கூட்டரை விற்ற அன்று மனுஷர் அழுதார். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரு சக்கரம் சரியாக உருளுவதில்லை. புதுசு வாங்கலாமா என்று மகன் கேட்டான்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சலேகா."